நியாயாதிக்க எல்லை

மனோர் பார்க், லண்டன்
15 ஜனவரி 1986

அன்புள்ள குலம் அறிவது,

நேற்றுப் பொங்கல். காலையில் சேர்ச் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே ஜேர்மன் தூதரகத்துக்குப் போனேன். விசா விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள். கணவரைப் பார்க்க என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கிலீஷில் சொன்னதால் வெட்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது. உங்கள் மாவட்டத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி உறுதிப்படுத்திக்கொண்டு தருவார்களாம். ஈஸ்டர் விடுமுறைக்கு முன் கிடைத்துவிடும் என்றாள். தஞ்சம் கேட்டு இருக்கும் நீங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம் என்றால் தாண்ட வேண்டாம். நான் வருகிறேன்.

நான் இங்கே உண்மையில் என்னதான் படிக்கிறேன் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். சட்டத்தரணியான உங்களுக்குப் பிடிக்கும் விஷயம்தான். ரோமர்கள் ஒரு மாகாணத்தைச் சில நீதி வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். லத்தீனில் கொன்வென்துஸ் என்பார்கள். கூடிவருதல் என்று பொருள். ஆளுநர் ஒவ்வொரு வட்டத்துத் தலைநகருக்கும் குறித்த காலத்தில் போய் அமர்வார். வழக்கு மட்டும் இல்லை, ஊர்களின் வரிக் கணக்கும் அங்கேதான் பார்க்கப்படும். எகிப்தில் பெரும்பாலும் மூன்று வட்டம். தை மாதமளவில் பெலூசியம், அதன் பிறகு மெம்ஃபிஸ், கோடையில் அலெக்சாந்திரியா. தெற்கே நைல் நதியின் மேல்பகுதியில் இருக்கும் ஒரு விதவை, காணி வழக்குக்காகப் படகில் மெம்ஃபிஸ் வரைக்கும் வர வேண்டும். தவறவிட்டால் அடுத்த வருடம். ஓர் ஊரில் இரண்டரை நாளில் ஆயிரத்து எண்ணூற்று நான்கு மனு வந்ததாக ஒரு பாப்பிரஸ் ஏடு சொல்கிறது. பிரித்தானிய நூலகத்தில் இருந்து அப்படியானவற்றைப் பூதக்கண்ணாடியால் வாசிக்கிறேன். இதுதான் என் வேலை.

வீட்டுக்காரி கமலாம்பிகை அக்கா நான் விசாவுக்குப் போனதை அறிந்து, "தாலி ஏறாமல் எழுத்து மட்டும் எழுதினவள் பாதி மனிசி. மிச்சப் பாதிக்குத்தான் விசா கேக்கிறியோ?" என்று சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது.

குளிருக்கு என்ன உடுக்கிறீர்கள் என்று எழுதவும்.

உங்கள்
சிவகௌரி


மேற்கு ஜேர்மனி
9 பெப்ரவரி 1986

அன்புள்ள கௌரிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். விஷயத்தை நேரே எழுதுகிறேன்.

புதன்கிழமை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி எனது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "லண்டனில் ஒரு பெண் உம்மைத் தன் கணவர் என்கிறாளாம். இங்கே நீர் மணமாகாதவர் என்று இருக்கிறது. எது சரி?" என்றார்.

கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான்தான்.

வந்த புதிதில் தஞ்ச மனுவுக்கு விசாரணை நடந்தது. ஆமி சுற்றிவளைத்தது, இரண்டு கிழமை அடைத்து வைத்திருந்தது, அடித்தது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் செபமாலைமுத்து என்று ஒரு பெரியவர். "தம்பி, கலியாணம் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை ஐயா. ஆவணியிலை வைச்சிருந்தது, நிண்டு போச்சு" என்றேன். நீரே சொல்லும், வேறு என்ன சொல்வது? ஆனியில் பதிவாளர் முன் எழுத்து நடந்தது, தாலி கட்டவில்லை. உமது வீட்டுப் படியில் உம்மோடு அரை மணித்தியாலம் இருந்து கதைப்பதற்கே உமது அக்கா வாசலில் காவல் நின்றவ. எங்கள் ஊரில் எவனாவது அந்த நிலையில் "ஓம், முடிஞ்சுது" என்று சொல்வானா?

பதிவு செய்தால் சட்டப்படி மணம் என்பதை நான் பருத்தித்துறை நீதிமன்றத்தில் எத்தனை வழக்கில் வாதாடியிருக்கிறேன். அன்று பதில் சொன்னது சட்டத்தரணி இல்லை, அம்மாவின் மகன்.

அதிகாரிக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்திருப்பார்.

பியற்றிஸ் என்று ஒரு ஜேர்மன் பெண் எங்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிறா. அவவிடம் கேட்டேன். எனது மனு ஏற்கெனவே ஒருமுறை மறுக்கப்பட்டு, மேல்விசாரணைக்கு நீதிமன்றத்தில் கிடக்கிறது. இந்த நேரத்தில் விவாகப் பதிவுச் சான்றிதழ் வந்தால், இதிலேயே பொய் சொன்னவன் மற்றதிலும் சொல்லியிருப்பான் என்று நீதிபதி எடுத்துக்கொள்வாராம். அடித்ததும் பொய், ஆமியும் பொய் என்று போய்விடும்.

சான்றிதழின் பிரதி உம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

குலசேகரம்


லண்டன்
1 மார்ச் 1986

குலம்,

விசா மறுத்துவிட்டார்கள். கணவர் என்று குறிப்பிடப்பட்டவர் அதிகாரிகளின் பதிவில் மணமாகாதவர் என்று ஒற்றை வரியில் காரணம். ஆகவே லண்டனில் உள்ள ஜேர்மன் தூதரகத்தைப் பொறுத்தவரை நான் யாரோ ஒருவனைப் புருஷன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

உங்கள் பதிலைப் பலமுறை வாசித்தேன். ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதும் சரி. அதனால் எனக்குக் கோபம் குறையவில்லை. பிரிட்டிஷ் குடிவரவுக்காரர் விமான நிலையத்தில் என்னைக் கேட்டபோது நான் "மரீட்", மணமானவள் என்று சொன்னேன். நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பதிவாளரின் மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பியபோதே எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. உங்களுக்கு முடியவில்லை என்று இப்போதுதான் அறிகிறேன்.

கமலாம்பிகை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "அந்தப் பொடியன் இல்லையெண்டு சொன்னதிலை பிழை இல்லை. நீ ஓம் எண்டு சொன்னதுதான் அவசரம்" என்றா. சட்டியைக் கழுவாமல் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு முத்திரை ஒட்டினால் போதும்.

சிவகௌரி


மேற்கு ஜேர்மனி
30 மார்ச் 1986

அன்புள்ள கௌரி,

இன்று ஈஸ்டர். நீர் வந்திருக்க வேண்டிய நாள்.

இந்த மாவட்டத்தின் எல்லையைப் பார்க்கப் போனேன். மதில் ஒன்றும் இல்லை. காட்டு வழியில் ஒரு மஞ்சள் பலகை. இந்தப் பக்கம் எங்கள் மாவட்டத்தின் பெயர், அந்தப் பக்கம் மற்றதன் பெயர். பலகைக்கு அப்பால் பொலிஸ் பிடித்தால் தண்டம், இரண்டாம் தரம் மறியலில் போடுவார்கள். வயதான தம்பதி ஒன்று நாயோடு நடந்து வந்து, பலகையைப் பார்க்காமலே கடந்து போனது. நாயும் போனது.

ஊரில் வழக்கு மனு எழுதும்போது முதல் பந்தியில் ஒரு வசனம் போடுவோம். "இந்நீதிமன்றத்தின் நியாயாதிக்க எல்லைக்குள் வதியும்" என்று. கையே எழுதிவிடும், யோசிப்பதில்லை. வதிகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. உமது ரோமருக்கு ஒரு நல்ல குணம் இருந்திருக்கிறது. நீதிபதி படகேறி வந்தார், மற்றவர்களையும் வர விட்டார்.

உமக்கு அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர். நான் அன்று எதையும் முடிந்ததாக நினைக்கவில்லை என்பது உண்மைதான். கையெழுத்துப் போட்ட பிறகு நீர் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். பதிவாளர் மையொற்றும் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். உமது வலக்கை நடுவிரலில் மை. அந்த விரலைப் பிடித்துத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. எனக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை என்று கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆவணி வரைக்கும் பொறுப்போம் என்று நினைத்தேன். இந்த ஹொஸ்ரலில் ஆறு பேர் ஓர் அறையில் படுக்கிறோம். மற்றவர்கள் நித்திரையானதும் நான் நினைப்பது அந்த விரலைத்தான். இதைக் கடிதத்தில் எழுதலாமோ தெரியாது.

சான்றிதழை அனுப்ப வேண்டாம் என்று போன தரம் கெஞ்சினேன். இப்போது அப்படி எழுதமாட்டேன். நீர் லண்டனில் பொய்க்காரியாக இருப்பதற்கு நான் காரணம். உமக்கு எது சரி என்று படுகிறதோ செய்யும்.

குலம்


மேற்கு ஜேர்மனி
14 செப்ரெம்பர் 1986

அன்புள்ள கௌரி,

ஐந்து மாதமாகிறது, உம்மிடமிருந்து கடிதம் இல்லை. சான்றிதழை நீர் அனுப்பவில்லை என்பது மட்டும் தெரியும். அனுப்பியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அதையே உமது கடிதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பரில் எனது வழக்கு. நீதிமன்றம் அடுத்த மாவட்டத்துப் பட்டினத்தில் இருக்கிறது. அன்று ஒரு நாளைக்கு மட்டும் எல்லை தாண்ட அனுமதித் துண்டு தருவார்கள். பியற்றிஸ் கோப்பைப் பார்த்தா. லண்டனில் இருந்து வந்த விசாரணைக் கடிதமும் அதற்குள் கிடக்கிறதாம். நீதிபதி கட்டாயம் கேட்பார். இல்லை என்றால் நீர் பொய் சொன்னவர். ஓம் என்றால் நான் பொய் சொன்னவன். நடுவில் வேறு பதில் இருப்பதாக அவவுக்குத் தெரியவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று நீர் எழுதினால் அதைச் சொல்வேன்.

குலம்


பிரித்தானிய நூலகம்
6 ஒக்ரோபர் 1986

அன்புள்ள குலம்,

எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதினால் கோபத்தில் சான்றிதழையும் உள்ளே வைத்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதவில்லை. மூன்று கடித உறை வாங்கினேன். மூன்றிலும் வேறு ஆட்களுக்கு எழுதினேன்.

இப்போது ஒரு வழக்கை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தகப்பன், மணமான மகளை மருமகனிடமிருந்து பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எகிப்தியரின் சட்டப்படி தனக்கு அந்த உரிமை உண்டு என்று வாதாடினார். ஆளுநர், அந்தப் பெண் யாரோடு இருக்க விரும்புகிறாள் என்பதுதான் கேள்வி என்று தீர்த்துவிட்டார். அந்த நாட்டில் எழுதப்படாத மணம் என்றும் ஒன்று இருந்தது. சேர்ந்து வாழ்வார்கள், எழுத்து பிறகு வரும், சிலவேளை வருடக் கணக்கில் கழித்து. என் பேராசிரியை கத்தரினுக்கு எங்கள் கதையைச் சொன்னேன். "அவர்களிடம் எழுத்து இல்லாத கலியாணம் இருந்தது. உன்னிடம் கலியாணம் இல்லாத எழுத்து இருக்கிறது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "நீ யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று உன்னை யாராவது கேட்டார்களா?" என்றார். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீதிபதி கேட்கப்போவது உங்களை. ஆகவே கவனமாக வாசியுங்கள். நீங்கள் மறுபடியும் இல்லை என்றே சொல்ல வேண்டும். லண்டனில் உள்ள பெண் நிச்சயிக்கப்பட்டவள், இங்கிலீஷில் சரியான சொல் தெரியாமல் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். எனக்கு இங்கே ஒரு நட்டமும் இல்லை. ஒரு தூதரகத்தில் ஒரு கடதாசி, அவ்வளவுதான். உங்களைத் திருப்பி அனுப்பினால் மறுபடி அதே ஆமி. சான்றிதழை நான் கிழிக்கவில்லை, கிழிக்கவும் மாட்டேன். பெட்டியின் அடியில் இருக்கட்டும். அகதி அந்தஸ்துக் கிடைத்த பிறகு ஒரு நாள் அதை எடுப்போம்.

விரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எழுதலாம்.

சிவகௌரி


மேற்கு ஜேர்மனி
19 டிசெம்பர் 1986

அன்புள்ள கௌரி,

தீர்ப்பு நேற்று தபாலில் வந்தது. முடிவை முதலில் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன அறை, ஒரு நீதிபதி, அவருக்குத் தடிமன், மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்புக்கு வந்தவர் அதே செபமாலைமுத்து. என்னைக் கண்டதும் வாசலிலேயே, "தம்பி, போன முறை சொன்னதையே சொல்லும். வாயைக் குடுக்காதையும்" என்றார். எல்லோரும் ஒரே புத்திமதிதான்.

ஆமி, மறியல், அடி எல்லாம் கேட்டார். முடிவில் லண்டன் கடிதத்தைக் கையில் எடுத்தார். "இந்தப் பெண் உமது மனைவியா?"

உமது கடிதம் எனது கோட்டுப் பைக்குள் இருந்தது. நீர் எழுதித் தந்த வசனம் நன்றாகப் பாடம். வாயைத் திறந்தேன். நீர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்ன சொல்லை, சொல் தெரியாமல் சொன்னது என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு ஏலவில்லை.

"ஓம்" என்றேன்.

செபமாலைமுத்து ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையாச் சொல்லட்டோ?" என்றார். "சொல்லுங்கோ" என்றேன்.

நீதிபதி முன்னைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். எழுத்து ஒரு நாள், தாலி ஒரு நாள் என்று நான் விளக்கினேன். ஐயாவுக்கே அது விளங்கவில்லை. அவர் கத்தோலிக்க வேதக்காரர். "எங்கடை ஆக்களுக்கு எல்லாம் ஒரே நாளிலை கோயிலுக்கை முடிஞ்சிடும். உங்களுக்கு ஏனப்பா ரெண்டு வேலை?" என்று என்னோடு தமிழில் வாக்குவாதப்பட்டார். நீதிபதி மேசையில் பேனையால் தட்டினார். பிறகு அவரே கேட்டார்: "அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நீங்கள் இருவரும் யார்?"

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "எங்கள் நாட்டில் அந்த நடு இரண்டு மாதம். பந்தல் போடுவது, கூறைச் சேலை எடுப்பது என்று போய்விடும். அது வருடக் கணக்காக நீளும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே அதில் நிற்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவ என்னை எப்படிச் சொன்னாவோ, நான் அதுதான்" என்றேன்.

மனு தள்ளுபடி. முரண்பட்ட வாக்குமூலம், நம்பகத்தன்மை இல்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். பியற்றிஸ் அழுதுவிட்டா. இந்த மாநிலத்தில் இப்போதைக்கு எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தங்கியிருக்கும் அனுமதித் துண்டைப் புதுப்பிக்க வேண்டும். எல்லை அதே எல்லை. என்றைக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தீர்ப்பின் முதல் பக்கத்தில் எனது பெயர், பிறந்த ஊர், அதற்குக் கீழே: மணமானவர், மனைவி லண்டனில் வசிக்கிறார்.

நீர் சொன்னதைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளும்.

குலம்


மனோர் பார்க், லண்டன்
24 பெப்ரவரி 1987

என் அன்புள்ள உங்களுக்கு,

கோபம்தான். இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சொல்லுக்காக வழக்கைத் தொலைத்த சட்டத்தரணியைத் தேடித் தேடி எனக்குப் பேசி வைத்திருக்கிறார்களே என்று கமலாம்பிகை அக்காவிடம் கத்தினேன். அவ மாவைக் குழைத்துக்கொண்டே, "இனி நீ அவனை ஏசலாம். இப்பதான் அவன் உன்ரை மனிசன்" என்றா. போன வருடம் வேறு மாதிரிச் சொன்னவ. நான் ஞாபகப்படுத்தவில்லை.

தீர்ப்பின் பிரதியை வைத்து மறுபடி விண்ணப்பித்தேன். வேறொரு பெண் இருந்தாள். முதல் பக்கத்தை வாசித்தாள். நோக்கம் என்ன என்று கேட்கவே இல்லை, அவளே எழுதிக்கொண்டாள். மூன்று கிழமைக்கு விசா தந்திருக்கிறார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கத்தரினிடம் கேட்டதற்கு, ஏடுகளின் புகைப்படங்களை எங்கே வைத்து வாசித்தாலும் எழுத்து மாறாது என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மாமிக்கு எழுதியிருந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. போன கிழமை ஊரிலிருந்து கனகலிங்கம் மாமா வந்தபோது தாலிக்கொடியைக் கொடுத்து விட்டிருக்கிறா. ஆவணிக்கென்று அப்போதே செய்து வைத்திருந்ததுதானாம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வர வேண்டியதைப் பெண்ணே கைப்பையில் கொண்டு வருவது எங்கள் பக்கத்தில் நடந்திருக்காது. சுங்கத்தில் யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்று சொல்வேன். கழுத்தில் போட்டுக்கொண்டு போ என்று கமலாம்பிகை அக்கா சொல்கிறா. அது எப்படி? நீங்கள் கட்ட வேண்டும்.

ஐயரும் மேளமும் இல்லாமல் போகட்டும். பியற்றிஸையும் செபமாலைமுத்து ஐயாவையும் கூப்பிடுங்கள். ஐயாவுக்கும் இரண்டாவது நாளைக் காட்ட வேண்டும்.

மார்ச் பதினான்காம் திகதி சனிக்கிழமை பின்னேரம் வந்து சேர்வேன். வரைபடத்தில் பார்த்தேன். உங்கள் ஊரின் பெயரில் இருக்கிற ஸ்ரேசன் ஆற்றுக்கு மற்றப் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரிகிறது. அது உங்கள் மாவட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்று விசாரித்து உடனே எழுதுங்கள். வெளியே என்றால் என்னைக் கூட்டிப் போக அங்கே வந்து நிற்க வேண்டாம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து வருகிறேன். நீங்கள் இந்தப் பக்கத்தில் நில்லுங்கள்.

கௌரி